தண்காலில் ஒரு பனிநாட்டு நாய்

சென்ற ஆண்டு தவக்காலத்தின் இறுதியில் எங்கள் பங்கு இல்லத்தில் ஒரு சிறு வழக்கு எழுந்தது. வழக்கின் பொருள் நாய். பங்கைச் சேர்ந்த அன்பர் ஒருவர் வெளியூரிலிருந்து அசல் பொமரேனியன் குட்டி ஒன்றை வாங்கித்தர முன்வந்திருந்தார். அதே வாரத்தில், பட்டாசு ஆலைக்கு வேலைக்குச் செல்லும் குடும்பம் ஒன்று, தங்கள் வீட்டில் பிறந்த ஸ்பிட்ஸ் குட்டிகளுள் ஒன்றை எடுத்துக்கொள்ளுமாறு வேண்டியது. உதவிப் பங்குத்தந்தை முன்னதை விரும்பினார். கோயில்பிள்ளை பின்னதை விரும்பினார். சமையல் பொறுப்பிலுள்ள மூதாட்டி மட்டும் வாய் திறக்கவில்லை.

பார்வைக்கு இரண்டும் உடன்பிறப்புகளே. வெண்சடை, கூர்த்த செவி, நரிமுகம், முதுகின்மேல் சுருண்ட வால். நம் ஊர்களில் இரண்டையும் 'பொமரேனியன்' என்றே அழைத்துப் பழகிவிட்டோம். 1994-ஆம் ஆண்டில் வெளிவந்து நாடெங்கும் ஓடிய 'ஹம் ஆப்கே ஹே கௌன்' என்னும் இந்திப் படத்தில் நடித்த டஃபி என்ற நாயையும் பலர் அவ்வாறே எண்ணினர். அது இந்திய ஸ்பிட்ஸ். பால்டிக் கடலோரத்துப் பொமரேனியா நாட்டின் பெயரைத் தாங்கியது பொமரேனியன். விக்டோரியா அரசியார் 1888-இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் சிறிய நாய் ஒன்றைப் பெற்று வளர்த்த பின்னர், சிற்றுருவ நாய்களுக்கே மதிப்பு மிகுந்தது. இன்று அதன் எடை இரண்டு அல்லது மூன்று கிலோ. இந்திய ஸ்பிட்ஸோ, ஆங்கிலேயர் காலத்தில் இங்கு வந்த ஸ்பிட்ஸ் நாய்களின் வழித்தோன்றல். நம் வெயிலிலும் நம் உணவிலும் தலைமுறைகளாக வளர்ந்தது. சிறுவகை ஐந்து முதல் ஏழு கிலோ, பெருவகை பன்னிரண்டு கிலோவுக்கு மேல்.

இவ்வளவும் தெரிந்தபின் தீர்ப்பு எளிதாக இருந்திருக்க வேண்டும். ஆயினும் எங்கள் உள்ளத்தில் ஓர் அச்சம் இருந்தது. அதன் பெயர் வெள்ளையன்.

வெள்ளையனும் ஸ்பிட்ஸ்தான். ஆறு ஆண்டுகள் இவ்வில்லத்தில் வாழ்ந்தவன். மூன்றாண்டுகளுக்கு முன் சித்திரை வெயிலில் அவன் இளைப்பதைக் கண்டு இரக்கப்பட்டு, தோல் தெரியும்படி அவன் சடையைச் சிரைத்துவிட்டோம். நன்மை செய்ததாகவே எண்ணினோம். இவ்வினத்துக்கு மயிர் ஈரடுக்கு: அடியில் பஞ்சு போன்ற குறுமயிர், மேலே நீண்ட முரட்டு மயிர். ஒழுங்காகச் சீவிவிட்டால் அது குளிரைத் தடுப்பது போலவே நேர் வெயிலையும் தோலில் படாமல் தடுக்கும். நாயின் உடற்சூடு பெரும்பாலும் நாவை நீட்டி இளைப்பதால்தான் தணியும். மயிரை அகற்றுவதால் அன்று. சிரைத்த மயிர் சில வேளைகளில் பழையபடி வளர்வதும் இல்லை. இவற்றையெல்லாம் நாங்கள் பின்னரே கற்றோம்.

அதே மாதத்தில் ஒரு நண்பகல், பெரும் வெடிச் சத்தம் கேட்டது. இப்பகுதியில் வாழ்வோர் அத்தகைய சத்தம் கேட்டதும் ஒரு கணம் அசையாமல் நிற்பர். சோதனை வெடியா, விபத்தா என்று செவி தேடும். அன்று அது விபத்து. எல்லாரும் மருத்துவமனைக்கு ஓடினோம். பிள்ளையைத் தேடும் தாயரோடும், கணவனைத் தேடும் மனைவியரோடும் மாலைவரை நின்றோம். பொழுது சாய்ந்து இல்லம் திரும்பியபோது, பின்முற்றத்தில் கட்டியிருந்த சங்கிலி தூணைச் சுற்றி இறுகியிருந்தது, தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து கிடந்தது, வெள்ளையன் இறந்திருந்தான்.

மனிதர் மாண்ட நாளில் நாய்க்காக அழுவது முறையா என்று நாணினோம், யாரிடமும் சொல்லவில்லை. நம் செவிக்கு இருபதாயிரம் ஹெர்ட்ஸ் வரையே எட்டும். நாயின் செவி நாற்பதாயிரத்தையும் கடக்கும். நம்மை உலுக்கிய ஓசையை, ஓட இடமின்றிச் சங்கிலியில் நின்று கேட்டது அவ்வுயிர். அந்நாளில் எங்கள் இடம் மருத்துவமனையே, அதில் ஐயமில்லை. ஆனால் சிரைத்ததும் கட்டிப்போட்டதும் விபத்தின் குற்றமன்று, எங்கள் குற்றம்.

ஆகவே இம்முறை ஆய்ந்தே முடிவு செய்ய விழைந்தோம். கால்நடை மருத்துவர் ஒருவரைக் கலந்தோம். சிற்றுருவப் பொமரேனியனுக்கு முழங்காற்சில்லு விலகுதலும், மூச்சுக்குழல் தளர்தலும், பல் நோயும் மிகுதி என்றார். மறைக்கல்வி வகுப்புக்கு வரும் குழந்தைகள் தூக்கி விளையாடும்போது தவறவிட்டால் எலும்பு முறியவும் கூடும். குட்டி பிறந்த மூன்றாம் வாரம் முதல் மூன்று மாதம் வரை கேட்டுப் பழகும் ஓசைகளுக்குப் பின்னாளில் அஞ்சுவது குறையும் என்றும் கூறினார். தொழிலாளர் வீட்டுக் குட்டி இவ்வூர் ஓசைகளோடே கண் திறந்தது. அதன் தாயும் எங்கள் கண்ணெதிரே நலமாக இருந்தது. எங்கள் மாவட்டத்துக்கே உரியதும், 2005-இல் அஞ்சல் தலையில் இடம்பெற்றதுமான இராசபாளையம் நாயையும் எண்ணிப்பார்த்தோம். ஓடித் திரிய இடமும் கண்டிப்பான பழக்கமும் வேண்டும் அதற்கு எங்கள் முற்றம் போதாது.

அப்போதுதான் மூதாட்டி வாய் திறந்தார்: "சாமி, எந்த நாயா இருந்தா என்ன? மத்தியானம் அதுக்குத் தண்ணி வைக்க ஆளு யாரு, அதச் சொல்லுங்க."

எவரும் பேசவில்லை. இனத்தையும் எடையையும் ஆய்ந்த எங்களுக்கு இக்கேள்வி தோன்றவே இல்லை. இறுதியில் அவரே, "நான் பாத்துக்கிடுறேன். ஆனா சங்கிலி கூடாது" என்றார். வழக்கு முடிந்தது. ஸ்பிட்ஸ் குட்டி இல்லம் புகுந்தது. மூன்றாம் மாதம் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, நாள்தோறும் சீவுதல், நண்பகலில் வீட்டினுள் இடம், இரண்டு இடங்களில் கவிழாத கற்சட்டியில் நீர். கத்தரி அதன் சடையைத் தொடுவதில்லை.

சிலப்பதிகாரம் தங்கால் என அழைக்கும் ஊர் இது. தண்கால் எனில் குளிர்ந்த காற்று. இன்று இங்கே சித்திரையில் அக்காற்றைத் தேடத்தான் வேண்டும். பனிநாட்டு வழிவந்த உயிரை இங்கே விரும்பி அழைக்கும் நாம், அது வாழ ஒரு நிழலையாவது அமைக்கக் கடன்பட்டவர்கள். தோபித்து நூலில் தோபியாவோடும் வானதூதரோடும் ஒரு நாய் வழிநடந்தது. அதன் இனத்தையோ நிறத்தையோ மறைநூல் கூறவில்லை. உடன் சென்றது, உடன் திரும்பியது என்பதே அதன் வரலாறு. அவ்வாறு திரும்பிவர ஒரு வீடு அதற்கு இருந்தது.

சென்ற தீபாவளி இரவில் ஊரே அதிர்ந்தது. சன்னல்களை அடைத்த அறையில், மின்விசிறியின் ஓசைக்கிடையே மூதாட்டி செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். கட்டிலின் அடியில் குட்டி நடுங்கியது உண்மை. எனினும் அவர் பாதத்தின்மேல் தலையை வைத்து, விடியுமுன் உறங்கிவிட்டது.