ஒரு காபிக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள்.

சில வாரங்களுக்கு முன் என் தம்பி மகள் ஒரு காபிக் கோப்பையைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைத்திருந்தாள். பக்கத்தில் பில்லும் தெரிந்தது, 220 ரூபாய். அன்று நம் குடும்பக் குழுவில் நடந்த விவாதத்தைச் சொந்தக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். "ஒரு காபிக்கு இவ்வளவா?" என்று ஆரம்பித்து, "அவ அங்க கெடந்து சம்பாதிச்சு என்ன மிச்சம் வச்சிருக்கா? ஊருக்கே வரச் சொல்லிருவோம்" என்பதில் போய் நின்றது. தம்பியும் தென்காசியில் அவளுக்கு 12,000 ரூபாய் சம்பளத்தில் ஒரு வேலை பார்த்து வைத்துவிட்டான். பொங்கலுக்குள் வந்துவிட வேண்டுமாம்.

அதற்குப் பிறகு கண் பரிசோதனைக்காகச் சென்னை போன நான், வேளச்சேரியில் அவளோடு பத்து நாள் தங்கினேன். அங்கே பார்த்ததை அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். கணக்கு டீச்சர் ஆயிற்றே, முதலில் கணக்கு.

கைக்கு வரும் சம்பளம் 32,000. மூன்று பெண்கள் சேர்ந்து எடுத்த வீட்டில் இவள் பங்கு வாடகை 9,000. கல்விக் கடன் தவணை 6,500. ஊருக்கு அனுப்புவது 5,000. சாப்பாடு 5,000. கரண்ட், தண்ணீர், கேஸ், இணையம் எல்லாம் சேர்த்து 2,000. மீதி 4,500. போன் ரீசார்ஜ், மருந்து மாத்திரை, துணிமணி, நம் வீட்டுக் கல்யாணங்களுக்கு வந்துபோகிற டிக்கெட், மொய் எல்லாம் இதற்குள்தான். அந்த 220 ரூபாயும் இதற்குள்தான். மாதச் சம்பளம் வந்த அன்று தோழிகளோடு ஒரு காபி. அடுத்த காபி அடுத்த மாதம்.

இனி எரிச்சல்கள். வீட்டுக்கு ஆறு மாத அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார்கள். மூவருமாக 1,62,000 ரூபாய். 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்கிறது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால். அந்தக் கடைசி மூன்று சொல் வழியாக ஆறு மாதமும் நுழைகிறது, பத்து மாதமும் நுழைகிறது. அடுத்தது கரண்ட். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது உங்களுக்குத் தெரியும். இவர்கள் வீட்டில் தனி மீட்டர் வைத்து முதல் யூனிட்டிலிருந்தே பத்து ரூபாய் வாங்குகிறார்கள். நான் போன நாலாம் நாள் வீட்டுக்காரம்மா மாடி ஏறி வந்தார். "டீச்சரம்மா இன்னும் எத்தனை நாள் இருப்பீங்க?" என்று அன்பாகக் கேட்டார். மறுநாள் கணக்கில் தண்ணீருக்கு 200 ரூபாய் கூடியிருந்தது!

அலுவலகம் சோழிங்கநல்லூரில். பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் இல்லை. இவளுக்கு அது பெரிய மிச்சம். ஆனால் அந்த பஸ் வர வேண்டுமே. மற்ற பஸ் மூன்று போன பிறகு அது வரும். வந்தாலும் நிறுத்தத்தைத் தாண்டி இருபதடி தள்ளி நிற்கும். பையைப் பிடித்துக்கொண்டு கூட்டமே ஓடும். ஓஎம்ஆரில் மெட்ரோ வேலை நடப்பதால் ஊர்ந்துதான் போக வேண்டும். மழை என்று செய்தி வந்தால் வேளச்சேரிக்காரர்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்திவிடுவார்களாம். "எங்ககிட்ட கார் இல்ல அத்தை, அதனால செருப்பை மட்டும் பரண்ல ஏத்திடுவோம்" என்று சிரிக்கிறாள்.

சிரிக்கிறாள் என்பதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்னைப் பறக்கும் ரயிலில் கூட்டிப்போனாள். ஐந்து ரூபாய் டிக்கெட். பெட்டியில் எங்களோடு நாலைந்து பேர்தான். ஜன்னலோரம் காற்று அப்படி வீசுகிறது. கோட்டூர்புரத்தில் இறங்கினால் நடக்கிற தூரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். அங்கே நம் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்கவும் தனி இடம் உண்டு. அவள் ஏதோ துறைத் தேர்வுக்குப் படிக்கிறாள். சாயங்காலம் பெசன்ட் நகர் கடற்கரையில் சுட்ட சோளம். எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் தடவி ஆளுக்கொன்று. ஒரு நாள் முழுக்க அவள் செய்த செலவு அந்தக் காபியில் பாதிகூட இல்லை.

ஒரு புதன்கிழமை வேலை முடிந்து வர இரவு பதினொன்றரை ஆகிவிட்டது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூட இருக்கிற தர்மபுரிப் பெண் பதற்றமே இல்லாமல் போனில் அவள் வருகிற வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாகர்கோவில் பெண் ஒரு தட்டில் மூன்று தோசையும் சட்னியும் வைத்து இன்னொரு தட்டால் மூடினாள். பிறகு இரண்டு பேரும் கீழே கேட் வரைக்கும் போய் நின்றார்கள். அடுப்படிச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. தண்ணீர் கேன் யார் முறை, குப்பை யார் முறை, யாருக்கு என்ன மாத்திரை ஒத்துக்கொள்ளாது, யார் அப்பா நம்பர் எது என்று எல்லாம் அதில் இருக்கிறது. தம்பி, உன் நம்பரும் அதில் இருக்கிறது.

தம்பி, நீ படிப்பாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். பிள்ளை தனியாகக் கிடக்கிறாளே என்ற கவலையில்தான் கூப்பிடுகிறாய். அது எனக்குப் புரிகிறது. ஆனால் கடனில் இன்னும் 26 தவணை பாக்கி. 26-ஐ 6,500-ஆல் பெருக்கினால் 1,69,000. ஊரில் 12,000 வாங்கிக்கொண்டு அதைக் கட்டினால் கையில் நிற்பது 5,500. வீட்டுக்கு ஒன்றும் தர முடியாது. மிச்சக் கடன் உன் தலையில்தான் விழும், உனக்கோ ரிட்டயர்மென்டுக்கு இரண்டு வருஷம்கூட இல்லை. இந்தக் கணக்கை அவள் எப்போதோ போட்டுவிட்டாள். உன்னிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. அந்த 26 மாதத்தை அவளுக்குக் கொடு. அதன் பிறகு வருவதா இருப்பதா என்பதை அவளே சொல்லட்டும்.

சொந்தங்களுக்கு ஒன்று. பிள்ளைகளுக்குப் போன் செய்தால் "எவ்வளவு மிச்சம்?" "கல்யாணம் எப்போ?" என்ற இரண்டு கேள்வியையும் கொஞ்ச நாள் ஒத்திவையுங்கள். "இன்னைக்கு பஸ் சீக்கிரம் கிடைச்சுதா?" என்று கேட்டுப் பாருங்கள். பத்து நிமிஷம் பேசுவார்கள். நான் பரீட்சை செய்து பார்த்துவிட்டேன்.

என் பழைய மாணவர்களில் சிலர் இப்போது சென்னையில் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள். மின்வாரிய பில் என்ன வருகிறதோ அதை மட்டும் வாங்குங்கள். விகிதக் கணக்கு நான்தானே சொல்லிக் கொடுத்தேன்.

சென்னையிலும் பெங்களூரிலும் கோவையிலும் அறை எடுத்து இருக்கிற பிள்ளைகளே, இந்த வாரம் உங்களுக்குக் கிடைத்த ஒரு நல்ல விஷயத்தைக் கீழே எழுதுங்கள். காபிப் படமும் போடலாம். பில் தெரிந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்