வால் போகிற பக்கம்



இரண்டு மாதமாகப் பதிவு எதுவும் காணோமே, உடம்பு சரியில்லையா சார் என்று நாலைந்து பேர் போன் போட்டே கேட்டுவிட்டீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். வீட்டு ஹாலில், டிவி முன்னால் உட்கார்ந்து. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு மேலே படியுங்கள். நீளமான பதிவு. கடைசியில் ஒரு விசாரிப்பு இருக்கிறது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

பேரன் பிளஸ் டூ படிக்கிறான். பரீட்சை முடிகிற வரைக்கும் பிளேஸ்டேஷன் கண்ணில் படக்கூடாது என்று மகள் அதைப் பிடுங்கிக்கொண்டு வந்து எங்கள் வீட்டு பீரோவில் வைத்துவிட்டுப் போனாள். ஒரு வாரம் சும்மா கிடந்தது. பிறகு நானே பேரனுக்குப் போன் போட்டு எந்த ஒயரை எங்கே சொருகுவது என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் அரை மணி நேரம் போனில் அவன் எனக்கு வாத்தியார். "அப்பிச்சி, எல்லா உதவியையும் ஆஃப் பண்ணிட்டு ஓட்டுங்க, அப்பத்தான் உங்க பிசிக்ஸ் வேலை செய்யுதான்னு தெரியும்" என்றான். அந்த ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டேன்.

விளையாட்டின் பெயர் கிராண்ட் டூரிஸ்மோ 7. 2022 மார்ச்சில் வந்தது. இந்த வரிசையின் முதல் விளையாட்டு ஜப்பானில் 1997 டிசம்பரில் வந்ததாம். கசுனோரி யமௌச்சி என்ற ஒருவர்தான் தொடக்கத்திலிருந்து இதற்குத் தலைமை. மற்ற கார் விளையாட்டுகளில் போல ஓங்கி மிதித்துவிட்டுப் பறக்க முடியாது. முதலில் லைசென்ஸ் எடுக்க வேண்டும், பரீட்சை உண்டு. கிளம்பிப் போய்க் கோட்டுக்குள் நிற்பதற்கே எனக்கு ஏழு தடவை ஆனது. நாற்பது வருஷமாக நிஜ லைசென்ஸ் வைத்திருக்கிற ஆள் நான்.

பேரன் சொன்னபடி ஏபிஎஸ், டிராக்‌ஷன் கண்ட்ரோல் எல்லாவற்றையும் நிறுத்தினேன். டொயோட்டாவின் ஏஇ86 என்ற பழைய காரை எடுக்கச் சொன்னான். 1983-ல் வந்த வண்டி, ஒரு டன் எடைகூடக் கிடையாது, பின்சக்கரம்தான் உந்தும். பெரிய சக்தியும் இல்லை. ஆனால் டிரிஃப்ட் என்றாலே ஜப்பானில் முதலில் சொல்லப்படுகிற வண்டி இதுதானாம். குனிமிட்சு தகஹாஷி என்று ஒருவர், முதலில் பைக் பந்தயக்காரர், 1970களில் கார்ப் பந்தயத்துக்கு வந்து வளைவுகளில் வண்டியை வேண்டுமென்றே சறுக்கவிட்டுத் திருப்பினார். அதைப் பார்த்த கெய்ச்சி சுச்சியா என்ற இளைஞர் மலைப்பாதைகளில் அதையே பழகி, 1987-ல் வீடியோவாக எடுத்து வெளியிட, ஊரெல்லாம் பரவிவிட்டது. மலைப்பாதை என்றதும் எனக்குக் கொல்லிமலை ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

சுக்குபா என்று ஒரு சிறிய பந்தயத் தடம். ஒரு சுற்று இரண்டு கிலோமீட்டர்தான். கடைசியில் நீளமாக வலப்பக்கம் சுற்றிவரும் ஒரு வளைவு. அதில்தான் என் இரண்டு மாதமும் போனது.

வளைவுக்குள் நுழைந்து ஆக்சிலேட்டரிலிருந்து விரலை எடுத்தேன். பாரம் முன்பக்கம் சாய்ந்தது, பின்சக்கரம் லேசாகியது, வால் இடப்பக்கம் கிளம்பியது. உடனே என் விரல் என்ன செய்தது தெரியுமா? பிரேக்கை முழுசாக அழுத்தியது. சக்கரம் நான்கும் பூட்டிக்கொள்ள, கார் பம்பரமாகச் சுற்றி மணலில் போய் நின்றது. அடுத்த முறையும் அப்படித்தான். அதற்கடுத்ததும். மூளைக்குத் தெரிகிறது, விரலுக்குத் தெரியவில்லை. எழுபது தாண்டிய விரல். அது கற்றுக்கொண்டதை விடாது.

இருபதாவது தடவையோ என்னவோ, சலித்துப்போய்ப் பிரேக்கைத் தொடாமல், வால் போகிற இடப்பக்கமே ஸ்டியரிங்கை ஒடித்தேன். கார் அப்படியே பக்கவாட்டில் மிதந்த மாதிரி போய், நிமிர்ந்து, நேராக ஓடியது. கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். சந்தோஷத்தால் இல்லை. அந்த வாக்கியத்தை எனக்கு ஏற்கனவே ஒருவன் சொல்லியிருக்கிறான்.

1993. பிளஸ் ஒன், பி பிரிவு. உராய்வுப் பாடம். மழையில் வண்டி சறுக்கினால் டிரைவர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். பிரேக் போடணும் சார் என்று வகுப்பே கத்தியது. கடைசிப் பெஞ்சில் ஒருவன் மட்டும் எழுந்தான். அப்பா லாரி டிரைவர். நாமக்கல் பக்கத்தில் லாரி இல்லாத வீடு ஏது. "இல்லீங்க சார். பின்னாடி சறுக்குச்சுன்னா பிரேக்கை விட்டுறோணும். வாலு எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கை ஒடிக்கோணும்னு எங்கப்பா சொல்லுவாருங்க சார்." வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அதோடு விட்டிருக்கலாம். "அப்போ நாளையிலிருந்து உங்கப்பனையே வந்து பாடம் நடத்தச் சொல்லு, நான் போய் லாரி ஓட்டறேன்" என்றேன். மணி அடிக்கும் வரை நிற்க வைத்தேன். அதற்குப் பிறகு இரண்டு வருஷமும் அவன் என் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டதில்லை. நானும் அதைக் கவனித்ததில்லை. இப்போது யோசிக்கும்போதுதான் தெரிகிறது.

அன்றைக்கு அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். மற்றவர்களும் கேளுங்கள், முப்பது வருஷம் உங்களுக்கும் அரைகுறையாகத்தான் நடத்தியிருக்கிறேன்.

உராய்வு விசை என்பது குணகத்தைச் செங்குத்து விசையால் பெருக்கினால் வருவது என்று போர்டில் எழுதிப் போட்டேன். மரக்கட்டைக்கும் மேசைக்கும் அது சரி. ரப்பர் டயர் அந்த அளவுக்கு ஒழுக்கமான பிள்ளை இல்லை. பாரத்தை இரண்டு மடங்காக்கினால் பிடிப்பு இரண்டு மடங்காகாது, கொஞ்சம் குறைவாகத்தான் ஏறும். இன்னொன்று, டயருக்கு அதிகபட்சப் பிடிப்பு அது துளிகூட வழுக்காமல் உருளும்போது கிடைப்பதில்லை. பிரேக் பிடிக்கும்போது பத்து, இருபது சதவீதம் வழுக்கலில்தான் உச்சம். அதைத் தாண்டி முழுசாகப் பூட்டிக்கொண்டால் பிடிப்பு இறங்கிவிடும். ஏபிஎஸ் செய்கிற வேலையே அந்த உச்சத்தை ஒட்டி விட்டுவிட்டுப் பிடிப்பதுதான்.

முக்கியமானது அடுத்தது. டயரின் பிடிப்பு மாதச் சம்பளம் மாதிரி. ஐந்து ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்குக்கும் திருப்பத்துக்கும் அந்த ஐந்துக்குள்தான் செலவு செய்ய வேண்டும். ஆனால் இது சாதாரணக் கூட்டல் இல்லை, வெக்டர் கூட்டல். பிரேக்குக்கு மூன்று எடுத்தால் திருப்பத்துக்கு நான்கு மிச்சம் இருக்கும். மூன்றும் நான்கும் சேர்ந்து ஐந்து, பிதாகரஸ் சொன்ன கணக்கு. பிரேக்குக்கே ஐந்தையும் கொடுத்தால் திருப்பத்துக்குப் பூஜ்யம். பூட்டிக்கொண்ட சக்கரத்துக்குத் திசையே கிடையாது. அது எந்தப் பக்கம் வழுக்குகிறதோ அதற்கு நேர் எதிரே மட்டும் இழுக்கும், ஸ்டியரிங்கை எப்படித் திருப்பினாலும் கேட்காது. அதனால்தான் அந்த டிரைவர் முதலில் பிரேக்கை விடச் சொன்னார். விட்டால்தான் பின்சக்கரம் உருளும், உருண்டால்தான் பக்கவாட்டில் பிடிக்கும். பிறகு வால் போகிற பக்கம் ஒடிப்பது எதற்கு? முன்சக்கரத்தை, வண்டி உண்மையில் நகர்கிற திசைக்குக் கொண்டுவருவதற்கு. அங்கேயிருந்து அது மூக்கை வெளிப்பக்கம் தள்ளிச் சுழற்சியை நிறுத்தும்.

இவ்வளவும் அவன் சொன்ன இரண்டு வாக்கியத்தில் இருந்தது.

டிரிஃப்ட்காரர்கள் செய்வது இதையே நிறுத்தாமல் நீட்டிக்கொண்டு போவது. ஆக்சிலேட்டரால் பின்சக்கரத்தைச் சுழலவிட்டு அதன் சம்பளத்தை அங்கேயே செலவழித்துவிடுவார்கள், முன்சக்கரத்தை எதிர்ப்பக்கம் ஒடித்தபடி வைத்திருப்பார்கள். கூடக் கொடுத்தால் சுற்றும், குறைத்தால் பிடிப்பு சட்டென்று திரும்பி வண்டி மறுபக்கம் எகிறும். தார்ச் சாலையில் இது வேகமான வழி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சறுக்காமல் ஒழுங்காகத் திரும்பினால் என் நேரம் குறைவாகத்தான் வருகிறது. ஆனால் பேரன் கேட்பது நேரத்தை இல்லை. "ஒரு வளைவு முழுக்க வாலைத் தொங்கவிட்டுக் காட்டுங்க அப்பிச்சி." ஆறாவது வாரம் காட்டினேன். வீடியோ எடுத்து அனுப்பினேன். தம்ஸ்அப் ஒன்று அனுப்பினான், அவ்வளவுதான்.

(உங்களில் பலர் வைத்திருக்கிற கார் முன்சக்கரம் உந்துவது. அதில் பெரும்பாலும் முன்பக்கம்தான் முதலில் வழுக்கும், திருப்பினாலும் திரும்பாது. அதற்கு மருந்து வேறு: ஆக்சிலேட்டரை மெல்ல விட்டு, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடிப்பு திரும்பக் காத்திருக்க வேண்டும். யாரும் இதைப் படித்துவிட்டு மலைப்பாதையில் சறுக்கிப் பார்த்து என் பேரைச் சொல்லாதீர்கள்.)

இது எவ்வளவு நிஜம் என்று கேட்பீர்கள். டயரும் பாரமும் நடந்துகொள்கிற விதம் நான் எதிர்பார்த்ததைவிட நிஜம். மழை பெய்தால் தடத்தில் நீர் தேங்குகிறது, கார்கள் ஓடிய கோடு முதலில் காய்கிறது. ஆனால் ஸ்டியரிங் என்பது கட்டைவிரல் நுனியில் ஒரு சிறு குச்சி. அதற்கும் சக்கரத்துக்கும் நடுவே விளையாட்டு கொஞ்சம் சமாளித்துக் கொடுக்கிறது என்பது என் சந்தேகமற்ற அபிப்பிராயம், இல்லாவிட்டால் இந்த விரலுக்கு அது அடங்காது. அதைவிடப் பெரிய குறை, சோபா நகர்வதில்லை. நிஜ வண்டியில் வால் கிளம்புவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே இடுப்புக்குத் தெரிந்துவிடும். இங்கே கண் பார்த்துச் சொல்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டும், அது தாமதம்.

இடுப்புக்குத் தெரியும் என்று எப்படிச் சொல்கிறேன்? கொல்லிமலை.

2004-ல் நானும் வீட்டுக்காரியும் அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தோம். எழுபது கொண்டை ஊசி. தூறல். காரவள்ளி அடிவாரத்துக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு வளைவுதான் பாக்கி. ஒரு வலப்பக்க வளைவில் இடுப்புக்குக் கீழே வண்டி இல்லாத மாதிரி ஒரு நொடி இருந்தது. நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்தேன். பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தேன். இறக்கம், பாரமெல்லாம் முன்னால், பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. வண்டி சுற்றி, இடப்பக்கக் கதவு கைப்பிடிச் சுவரில் மோதியது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் அவள். தோள்பட்டை எலும்பு முறிந்தது. இன்றைக்கும் இடது கையைத் தலைக்கு மேலே தூக்கமாட்டாள். ரோடு மேல் பழியைப் போட்டேன், டயர் மேல் போட்டேன், மழை மேல் போட்டேன். சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும். இன்றைக்குத் திருத்திக்கொள்ளுங்கள்.

போன வாரம் காபி கொண்டுவந்து வைத்தவள் டிவியைப் பார்த்தபடி நின்றாள். அதே கடைசி வளைவு, நான் மூன்றாவது தடவையாகச் சுற்றி நின்றேன். "ஏனுங்க, இது அந்த வளைவு மாதிரியே இருக்குதுங்களே" என்றாள். ஆமாம் என்றேன். "அதையேதானா ரெண்டு மாசமா ஓட்டிக்கிட்டு இருக்கீங்க?" பதில் சொல்ல வரவில்லை. கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னொரு தடவை ஓட்டுங்க, பாக்கறேன்" என்றாள். அந்தத் தடவை சுற்றவில்லை. "பிரேக் போடாம இருந்தா நிக்குதுங்களா?" என்றாள். ஒடிக்கவும் வேண்டும் என்றேன். காபி ஆறிவிட்டது என்று எடுத்துக்கொண்டு போனாள்.

இப்போது விசாரிப்பு. 93-ல் பிளஸ் ஒன் பி பிரிவில் படித்தவர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று தெரிந்திருக்கும். பெயரை இங்கே போடாதீர்கள், அவனுக்குப் பிடிக்காமல் போகலாம். எங்கே இருக்கிறான் என்று தெரிந்தவர்கள் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். அவன் பார்த்தால் அவனே கூப்பிடட்டும், இல்லை கூப்பிடாமலும் இருக்கட்டும், அது அவன் இஷ்டம்.

அவன் அப்பா நல்லபடியாக இருந்தால் அவரிடம் எனக்கு ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். இந்த விளையாட்டில் லோடு லாரி கிடையாது. காலி வண்டியில் பின்பக்கம் லேசு, சீக்கிரம் வழுக்கும், அது கணக்கில் வருகிறது. லோடோடு இறங்கும்போது வால் கிளம்பினால் அதே மாதிரி ஒடித்தால் போதுமா, இல்லை அந்தப் பாரம் திரும்பி வருகிறபோது மறுபக்கம் எகிறாமல் இருக்க எவ்வளவு முன்னாலேயே நிமிர்த்த ஆரம்பிப்பார்? புத்தகத்தில் தேடினேன். மலையில் ஓட்டியவர் வாயால் கேட்க வேண்டும்.