தித்திப்பு போனால் கலோரி போய்விடுமா?

"புளிச்ச கள்ளுல சர்க்கரை எங்கேர்ந்து வரும்? தித்திப்பே இல்லையேம்மா!"

இது எங்கள் சித்தப்பாவின் வைத்தியம். கோட்டுச்சேரிமேட்டில் இதற்கு ஆதரவாளர்கள் அதிகம். நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு. அங்கே 1987 முதல் கள்ளுக்குத் தடை. இந்தப் பக்கம் புதுச்சேரி அரசே ஏலம் விடும் கள்ளுக்கடைகள் உண்டு. அதனால் பேச்சும் தாராளம்.

தித்திப்பு குறைகிறது என்பது நிஜம். பானைக்குள் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் காற்றிலிருக்கும் ஈஸ்ட் சில மணி நேரத்திலேயே சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாக மாற்றிவிடும். ஆனால் கலோரி?

கனடாவில் இருக்கும் என் தம்பி மகன் வீட்டிலேயே பீர் போடுகிறான். இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தது அவன்தான். "அத்தை, ஒரு கிராம் சர்க்கரையில 4 கலோரி. ஒரு கிராம் ஆல்கஹால்ல 7" என்றான். காகிதத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தேன்.

ஒரு லிட்டர் பதநீரில் 120 கிராம் சர்க்கரை என்று வைத்துக்கொள்வோம்: 480 கலோரி. பாதி சர்க்கரை புளித்தால் மீதி 60 கிராம், அதோடு ஆல்கஹால் சுமார் 30 கிராம். மொத்தம் 450. அப்போது போதை 4 சதவீதத்தை ஒட்டி இருக்கும். முழுக்கவே புளித்தாலும் ஆல்கஹால் சுமார் 60 கிராம். அதாவது 420 கலோரி. நாக்குக்குத் தித்திப்பு முழுசாகப் போனபின்னும் கலோரியில் குறைந்தது எட்டில் ஒரு பங்குதான்!

அவனுடைய பீரிலும் இதே கதை. பால்மானி மாதிரி ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு அடர்த்தி பார்க்கிறான். புளிக்கும் முன் 1.050, பின் 1.010. வித்தியாசத்தை 131-ஆல் பெருக்கினால் 5.2 சதவீதம் போதை. கலோரியைப் பெரும்பாலும் முடிவு செய்வது முதல் எண்தானாம். தொடக்கத்தில் எவ்வளவு சர்க்கரை போட்டோமோ, அநேகமாக அவ்வளவும் வயிற்றுக்குத்தான்.

தொப்பை மட்டும் பிரச்னை என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். சித்தப்பா சர்க்கரை மாத்திரை போடுகிறவர். போன சித்திரையில் ஒரு நாள், மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பலகாரம் சாப்பிடாமல், வெறும் வயிற்றில் இரண்டு கிளாஸ். மதியம் திண்ணையில் உட்கார்ந்தவருக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, நாக்கு குழறியது. "ஓவரா போச்சுபோல, தூங்கட்டும்" என்று பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்துவிட்டார்கள். சித்திதான் சந்தேகப்பட்டு விரலில் ஊசி குத்திப் பார்த்தார். 52! உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததும் கொஞ்ச நேரத்தில் கண் திறந்தார்.

ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் ஈரல்தான் தன் சேமிப்பிலிருந்து கொடுத்தும், புதிதாகச் செய்தும் சமாளிக்கும். ஆல்கஹால் உள்ளே வந்தால் ஈரல் அதைக் கவனிக்கப் போய்விடும். புதிதாகச் செய்வது தடைப்படும். மாத்திரை தன் பாட்டுக்குச் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். குடித்துப் பல மணி நேரம் கழித்தும் இது நடக்கலாம். தாழ்சர்க்கரையின் குழறலும் போதையின் குழறலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதுதான் பயம். கள் சர்க்கரையை ஏற்றாது என்று வாதாடியவருக்கு, அது இறக்கிவிட்டு வேடிக்கை பார்த்தது.

பாட்டில் பீரிலாவது எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். கள் பானையில் எதுவும் எழுதியிருக்காது. காலையில் இறக்கியது ஒரு காரம், அதுவே சாயங்காலம் வேறு காரம். கிளாஸ் மட்டும் அதே கிளாஸ்.

சித்தப்பா நிறுத்தினாரா என்றால், இல்லை. குறைத்திருக்கிறார். வெறும் வயிற்றில் தொடுவதில்லை. சட்டைப் பையில் குளுக்கோஸ் பாக்கெட் வைத்து அனுப்புகிறார் சித்தி. கடைக்காரரிடமும் சொல்லி வைத்திருக்கிறார்: "உளறினா தூங்க விடாதீங்க தம்பி, எனக்குப் போன் போடுங்க."