மாமல்லபுரத்து இருளும் காவலூர் ஆடியும்

சென்ற மூவரசர் திருநாளை அடுத்து, ஒரு மாலையில் செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சென்றோம். மறைக்கல்வி மாணவர் சிலரும் உடன் வந்தனர். இருட்டியபின் கடற்கரை மணலில் அமர்ந்து, தலைக்குமேல் நின்ற கார்த்திகைக் கூட்டத்தில் எத்தனை மீன்கள் தெரிகின்றன என்று எண்ணச் சொன்னோம். முதலில் மூன்று, கண் இருளுக்குப் பழகியபின் ஐந்து. ஆறாவதை ஒரு சிறுமி மட்டுமே கண்டாள். நமது கண்களுக்கு அஃது எட்டவில்லை.

ஒளியளவு முன்பே தெரிந்த விண்மீன்களுள் எவ்வளவு மங்கலானது வரை தென்படுகிறது என்று பார்ப்பதே, பெரிய தொலைநோக்கியின் நுண்திறனை அளக்கும் வழியுமாகும். அதற்குரிய அளவுகோலை 1856இல் வகுத்தவர் நார்மன் போக்சன். பின்னர் 1861 முதல் 1891இல் இறக்கும்வரை சென்னை வானாய்வுக் கூடத்தை நடத்தியவரும் அவரே. 5 படி இறங்கினால் ஒளி நூறில் ஒரு பங்காகும் என்பது அவர் கணக்கு. நல்ல கண்ணுக்கு ஏறத்தாழ ஆறாம் படி எல்லை.

நம் மாநிலத்திலேயே, சவ்வாது மலைக் காவலூரில், வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. அதன் ஆடி 2.34 மீட்டர் அகலம். இருளில் விரிந்த கண்பாவையோ 7 மில்லிமீட்டர். ஆகவே அது கண்ணைவிட லட்சம் மடங்குக்குமேல் ஒளி திரட்டும். அதாவது 12 படிக்கும் கீழே இறங்கலாம். 1986 ஜனவரி 6ஆம் நாள், மூவரசர் திருநாளன்றே, அது தொடங்கி வைக்கப்பெற்றது. அதற்காக உழைத்த பாப்பு 1982இலேயே மறைந்துவிட்டார்.

ஆயினும் அகலம் மட்டும் போதாது. ஆடியின் அலுமினியப் பூச்சு நாளடைவில் மங்கும்; காற்றும் ஒளியைக் குறைக்கும். ஆதலின் அளவறிந்த விண்மீன் ஒன்றை நோக்கி, இத்தனை விநாடியில் எத்தனை ஒளித்துகள் பதிந்தன என்று கருவியால் எண்ணி, வந்திருக்க வேண்டிய தொகையோடு ஒப்பிடுகின்றனர். பின்பு மீனே இல்லாத வெற்று வானையும் எண்ணுகின்றனர். அங்கும் ஒரு தொகை வரும். வானம் ஒருபோதும் முற்றும் கருமையன்று. அத்தொகையின் ஏற்றத்தாழ்வை விஞ்சும் மீனே தென்படும். அந்த எல்லையில், பாதி ஒளியுடைய மீனைக் காண நான்கு மடங்கு நேரம் வேண்டும். தரையின் விளக்கொளி வானில் ஏற ஏற, எவ்வளவு பெரிய ஆடியும் திறன் குன்றும்.

திரும்பும் வழியில் அச்சிறுமி கேட்டாள்: "சாமி, நம்ம கோயில் முற்றத்துல நின்னா கார்த்திகை ஏன் தெரியறதில்ல?"

கோபுரத்து மின்விளக்குகளைத் திருவிழாவின்போது பெருமையோடு பொருத்தியவர் நாமே. அன்றிரவு கோயிற்பிள்ளையை எழுப்பி அவற்றை அணைக்கச் சொன்னோம். முற்றத்தில் நின்று சற்றுப் பொறுத்து எண்ணினோம். நான்கு தெரிந்தன.