முத்திரையும் அமானிதமும்

சித்தன்னவாசலில் நம் உறவினர் ஒருவரிடம் போர்க்கால ஃபோர்டு ஜீப் ஒன்று இருந்தது. வில்லிஸ் வடிவமைப்பில் ஃபோர்டு தயாரித்த அவ்வண்டிகளின் போல்ட்டுகளில்கூட ‘எஃப்’ எழுத்து பொறிக்கப்பட்டிருக்கும். கடனை அடைக்க அதனைச் சீரமைத்து விற்க அவர் எண்ணியபோது, அசல் பாகங்களைத் தேடி நாமும் உடன் அலைந்தோம். மஹிந்திரா 1947 முதல் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பூட்டி விற்றதால், பொருந்தும் பாகங்கள் சில கிடைத்தன. ‘எஃப்’ முத்திரைதான் கிடைக்கவில்லை.

“புதிய போல்ட்டிலேயே முத்திரை அடித்துத் தருகிறேன் ஹஜ்ரத், விலை கூடும்” என்றார் லேத் பட்டறைக்காரர். தானியக் குவியலின் அடியில் ஈரத்தைக் கண்ட அண்ணலார் (ஸல்), அதனை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என வினவியதைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாம் எவ்வாறு இசைவோம்?

அசல் எது, மாற்று எது என எழுதி, வாங்குபவரிடம் உறவினர் கொடுத்தார். விலை குறைந்தது, கடனில் ஒரு பகுதி நிற்கிறது. அதனை ஹலாலான வழியில் அடைக்க அல்லாஹ் அருள்வானாக, ஆமீன்.