குளிசையும் கால் உளைவும்



"சுவாமி, நீங்களும் அந்தக் கொலஸ்ட்ரோல் குளிசை போடுறனீங்களோ?"

வீடு சந்திக்க வரும் நாட்களில், செபம் முடிந்து தேநீர் வரும் நேரத்தில், என்னிடம் இப்போது அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர் பெரும்பாலும் அந்தக் குளிசையை நிறுத்திவிட்டவர், அல்லது நிறுத்த எண்ணியிருப்பவர். வாசலில் நின்று ஒரு சொல்லில் விடை கூறிவிட முடியாத கேள்வி ஆதலால் இங்கே சற்று நீளமாக எழுதுகிறேன். நான் வைத்தியன் அல்லன். குளிசை எடுக்கும் ஒருவனாகவும், வைத்தியசாலைக் கட்டில்களின் அருகே நின்று பழகியவனாகவும் எழுதுகிறேன்.

ஆம், எடுக்கிறேன். நான்கு ஆண்டுகளாக ஒவ்வோர் இரவும் அடோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம்.

இங்கிலாந்தில் 40 முதல் 74 வயது வரையுள்ளோரை ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை உடற்பரிசோதனைக்கு அழைப்பது உங்களுக்குத் தெரியும். அவ்வாறு சென்றபோது எனது இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரோல், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்தவர் உண்டா என்பது, இனப்பின்னணி ஆகியவற்றைக் கணினியில் இட்டுப் பார்த்தார்கள். அடுத்த பத்து ஆண்டுகளில் மாரடைப்போ பக்கவாதமோ வருவதற்கான வாய்ப்பு 14 விழுக்காடு என்று வந்தது. 10 விழுக்காட்டை எட்டினாலே இங்கு குளிசையைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். தெற்காசியர் என்ற அடையாளம் அந்தக் கணக்கில் நமக்குச் சாதகமானதன்று. வெள்ளையரைவிட இளவயதிலேயே நம்மவருக்கு இருதய நோய் வந்துவிடுகிறது.

குளிசை தொடங்கி ஆறாவது வாரமளவில் இரு தொடைகளிலும் உளைவு கண்டது. பீடத்தின் முன் முழந்தாளிட்டு எழும்போது கையூன்ற வேண்டியிருந்தது. வைத்தியரிடம் சென்றேன். அவர் கேட்ட கேள்விகளை உங்களுக்கும் பயன்படும் என்பதால் சொல்கிறேன். வலி இரு பக்கமுமா, ஒரு பக்கமா? தசையிலா, மூட்டிலா? குளிசை தொடங்கி எத்தனை வாரத்தில் வந்தது? இக்குளிசையால் வரும் வலி பொதுவாகத் தொடை, இடுப்பு, கெண்டைக்கால் எனப் பெரிய தசைகளில் இரு பக்கமும் ஒத்து வரும். தொடங்கிய முதற்சில வாரங்களில் அல்லது மாதங்களில் வரும். நிறுத்தினால் சில வாரங்களில் தணியும். ஒற்றை முழங்கால் நோவும் பாத விறைப்பும் வேறு கதை.

தசை பாதிக்கப்பட்டால் இரத்தத்தில் உயரும் சீ.கே. என்ற நொதியை அளந்தார்கள். அது சரியாகவே இருந்தது. தைரோயிட்டும் சரி. வைட்டமின் டி மட்டும் மிகக் குறைவு. கருமையான தோலுடன் இந்த வெயிலற்ற நாட்டில் மேலங்கிக்குள் வாழ்கின்ற நமக்கு இது புதுமையன்று. அந்தக் குறைபாடே தசை வலியைத் தரக்கூடியது. பின்னர் நான்கு வாரம் குளிசையை நிறுத்தச் சொன்னார். நாள்தோறும் வலியைக் குறித்து வைக்கவும் சொன்னார். குளிசை இல்லாத நான்காம் வாரத்திலும் உளைவு அப்படியே இருந்தது. மறுபடி தொடங்கினேன், வைட்டமின் டியுடன். சில மாதங்களில் உளைவு போயிற்று.

இதைவிடச் செம்மையான ஒரு பரிசோதனை லண்டன் இம்பீரியல் கல்லூரியில் நடந்து 2020இல் வெளியாயிற்று. பக்க விளைவைத் தாங்காது ஸ்டாட்டினைக் கைவிட்ட 60 பேருக்கு 12 போத்தல்கள் கொடுக்கப்பட்டன. நான்கில் உண்மையான மருந்து, நான்கில் மருந்தற்ற போலிக் குளிசை, நான்கு வெறுமை. மாதம் ஒன்றாகக் கலைத்துக் கொடுத்து, தொல்லையை நாள்தோறும் 100க்கு எத்தனை எனக் கைப்பேசியில் பதியச் செய்தார்கள். குளிசையற்ற மாதங்களில் சராசரி 8. போலிக் குளிசை மாதங்களில் 15.4. உண்மைக் குளிசை மாதங்களில் 16.3. தத்தமது கணக்கைக் கண்ட பின் அவர்களிற் பாதிப்பேர் குளிசையை மீண்டும் தொடங்கினார்கள்.

இதைக் காட்டி "எல்லாம் மனப்பிரமை" என்று எவரையும் ஏளனம் செய்யாதீர்கள். போலிக் குளிசை எடுத்தவரின் காலும் உண்மையாகவே நொந்தது. அச்சமும் எதிர்பார்ப்பும் உடலில் வலியாக இறங்குகின்றன. அத்துடன் சிலருக்கு மருந்தே வலியைத் தருகிறது. 2022இல் ஏறத்தாழ 124,000 பேர் பங்குகொண்ட 19 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, முதலாண்டில் ஆயிரம் பேரில் ஏறக்குறைய 11 பேருக்குக் குளிசையின் காரணமாகத் தசை நோவு கண்டது, பெரும்பாலும் இலேசானது. முதலாண்டின் பின் குளிசை எடுத்தவருக்கும் எடுக்காதவருக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடில்லை.

தசை சிதையும் கடுமையான நிலையும் உண்டு, மிக அரிதாக. செரிவாஸ்டாட்டின் என்ற ஒன்று இதன் காரணமாகவே 2001இல் சந்தையிலிருந்து மீளப்பெறப்பட்டது. ஆகவே தாங்கொணாத தசை வலி, எழமுடியாத பலவீனம், தேயிலைச் சாயம்போல் கறுத்த சிறுநீர் ஆகியவை கண்டால் ஞாயிறு திருப்பலிக்கு வந்து என்னிடம் கேட்கக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். தொண்டைப் புண்ணுக்குத் தரும் கிளாரித்ரோமைசின் போன்ற சில மருந்துகள், கிரேப்ஃபுரூட் பழச்சாறு ஆகியவை சில ஸ்டாட்டின்களின் அளவை இரத்தத்தில் உயர்த்திவிடும் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். இன்னொன்று. "இயற்கை மருந்து" என்று கடைகளில் விற்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசியில் இருப்பது லோவாஸ்டாட்டின் என்ற அதே ஸ்டாட்டின்தான். அளவு மட்டும் எவருக்கும் தெரியாது. முதல் ஸ்டாட்டினையே ஜப்பானியரான அகிரா எண்டோ 1973இல் கண்டெடுத்தது கியோத்தோ நகரத்து அரிசியில் வளர்ந்த பூஞ்சையிலிருந்துதான். இயற்கை, செயற்கை என்ற வாதம் இங்கு அதிக தூரம் செல்லாது.

இவ்வளவையும் எழுதத் தூண்டியதைச் சொல்கிறேன். அந்த அம்மாவின் சம்மதத்துடன். சென்ற ஆண்டு 61 வயதான ஒரு ஐயாவை அடக்கம் செய்தோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைக்கப்பட்டவர். 31ஆம் நாள் செபத்தின் பின் துணைவியார் என்னை உள்ளே அழைத்து அலுமாரி லாச்சியைத் திறந்து காட்டினார். ஏழு மாதக் குளிசைப் பெட்டிகள், பாமசியின் பெயர்த்தாளுடன், உடைக்கப்படாமல் அடுக்கப்பட்டிருந்தன. பாமசிக்காரரும் மனைவியும் ஐயுறாதபடி மாதந்தோறும் தவறாமல் வாங்கி வந்திருக்கிறார். "கால் உளையுது எண்டு ஒருநாள் சொன்னவர் சுவாமி. பிறகு ஒண்டும் சொல்லேல்ல."

நிறுத்தியதனால்தான் இறந்தார் என்று கூற நான் துணியேன். அவருக்கு நீரிழிவும் இருந்தது. ஆயினும் ஏழு மாதம் ஒரு மனிதர் தம் வலியைத் தனியே சுமந்து, அதை மறைக்கும் உழைப்பையும் சேர்த்துச் சுமந்தார் என்பதை என்னால் இலகுவில் கடந்து செல்ல இயலவில்லை. சொல்லியிருந்தால் வழிகள் இருந்தன. அளவைக் குறைக்கலாம். வேறொரு ஸ்டாட்டினுக்கு மாற்றலாம். ரோசுவாஸ்டாட்டின் ஆசியரின் இரத்தத்தில் ஏறத்தாழ இரு மடங்கு சேர்வதால் நமக்கு 5 மில்லிகிராமிலேயே தொடங்குவார்கள். எசெட்டிமைப் என்ற வேறு வகைக் குளிசை உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியும் உண்டு. வைத்தியர் கோபிப்பார் என்று அஞ்சுகிறவர்கள், "நிறுத்திவிட்டேன், உதவுங்கள்" என்ற இரு சொற்களையாவது சொல்லுங்கள்.

நடையைப் பற்றியும் கேட்கிறீர்கள். "குளிசை எதற்கு, நான் நடக்கிறேன்" என்போரும், "குளிசை எடுக்கிறேன், நடை எதற்கு" என்போரும் ஒரே வீட்டில் கணவன் மனைவியாக இருப்பதைக் காண்கிறேன். நடை கெட்ட கொலஸ்ட்ரோலைச் சிறிதளவே குறைக்கும். ஆனால் இரத்த அழுத்தம், சர்க்கரை, குழாய்களின் நெகிழ்ச்சி ஆகியவற்றில் அது செய்வதைக் குளிசை செய்யாது.

இந்த அறிவு பிறந்ததும் நம் லண்டன் நகரிலேதான். 1953இல் ஜெரி மோரிஸ் என்ற வைத்தியர் இந்நகரின் இரட்டைத்தட்டு பஸ்களை ஆராய்ந்தார். நாள் முழுதும் அமர்ந்திருந்த சாரதிகளைவிட, படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் பிந்தி வந்தது. அமர்ந்து பணிபுரிந்த அலுவலர்களைவிடக் கடிதம் சுமந்து நடந்த தபாற்காரருக்கும் அவ்வாறே. இன்று நடத்துநர் இல்லை. சாரதி ஆசனத்தில் நம்மவர் பலர் இருக்கிறீர்கள். எரிபொருள் நிலையக் கண்ணாடிக்குப் பின்னாலும் இருக்கிறீர்கள். வாரத்திற்கு 150 நிமிடம் வேக நடை, இரு நாள் தசைப் பயிற்சி என்பது இந்நாட்டு அறிவுரை. இரு வேலை செய்பவரிடம் அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகவே இருக்கிறது. ஆயினும் இரண்டு தரிப்பிடம் முன்னரே இறங்கி நடப்பது எவருக்கும் இயலும்.

குளிசை எடுப்பவர் நடந்தால் தசை மேலும் கெடுமோ என்ற அச்சத்திற்கும் விடை உண்டு. நெதர்லாந்தின் நைமேகன் நகரில் ஆண்டுதோறும் நான்கு நாள் நெடுநடை நடக்கும். நாளொன்றுக்கு 30 முதல் 50 கிலோமீற்றர். குளிசையால் வலியுள்ளவர், வலியில்லாதவர், குளிசையே எடுக்காதவர் என மூவகையினரை அங்கு ஒப்பிட்டு 2023இல் வெளியிட்டார்கள். தசைச் சிதைவின் அளவுகள் மூவருக்கும் ஒத்தே உயர்ந்தன. நம் வோல்சிங்கம் யாத்திரையில் வருவதோ ஒரேயொரு மைல்! அதையும் காரில் கடந்தவர்களை நான் அறிவேன், பெயர் சொல்லமாட்டேன்.

நெஞ்சில் இறுக்கமோ மூச்சுத் திணறலோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்ட பின்னரே நடையைத் தொடங்க வேண்டும். ஏனையோருக்கு ஓர் அறிவித்தல். வருகின்ற சனிக்கிழமை முதல், காலைத் திருப்பலி முடிந்ததும் ஆலய வாயிலிலிருந்து புறப்பட்டுப் பூங்காவைச் சுற்றி 40 நிமிடம் நடக்கவிருக்கிறோம். மாதத்தின் முதற்சனியில் நம் பங்கைச் சேர்ந்த மருந்தாளர் ஒருவரும் உடன் நடப்பார். குளிசை பற்றிய கேள்விகளை நடந்தவாறே அவரிடம் கேட்கலாம். சேலையுடன் வரும் அம்மாமார் காலணியை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். மழை பெய்தால் மண்டபத்தினுள் நடப்போம்.