நாற்காலி பெண்ணாம், புத்தகம் ஆணாம்!

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் நடந்தால், தெருப்பலகைகள் பிரெஞ்சிலும் தமிழிலும் பேசுகின்றன. பலகைகளில் மட்டுமா பிரெஞ்சு இருக்கிறது? மூன்று வயதுத் தமிழ்க் குழந்தையின் நாக்கிலும் இருக்கிறது! அதைக் கேட்கத்தான் நான் போனேன்.

விக்தோர் சிமோனெல் வீதியில் இருக்கும் பிரெஞ்சுப் பள்ளியை ஊரார் 'லிசே' என்கிறார்கள். ஆரம்பமானது 1826-ல். 1954 நவம்பர் முதல் தேதி பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள்; பள்ளிக்கூடம் கிளம்பவில்லை. இன்றும் பிரான்ஸ் தேசத்துப் பாடத்திட்டந்தான்.

1962 ஆகஸ்டு 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்க விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். கொடுத்தவர்களில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவை செய்த 'சொல்தா' குடும்பங்கள் பல. அவர்கள் வீட்டுப் பேரன் பேத்திகளுக்கு வீட்டில் சாம்பாரும் தமிழும், பள்ளியில் பிரெஞ்சு. இது போதாதென்று, 1943-ல் தொடங்கிய ஸ்ரீ அரவிந்த ஆசிரமப் பள்ளியிலும் கணக்கையும் விஞ்ஞானத்தையும் பிரெஞ்சிலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள்.

லிசே வாசலில் பெண்ணை அழைத்துப் போகக் காத்திருந்த ஓர் இளம் தாயாரோடு பேச்சுக் கொடுத்தேன். விழுப்புரத்துப் பக்கத்துப் பெண், வாழ்க்கைப்பட்டு வந்தவர். பிரெஞ்சு வாசனையே கிடையாது.

"போன வாரம் என் பொண்ணு, 'நாற்காலி பொம்பளை, புத்தகம் ஆம்பளை'ங்கறா. ஏன்டீன்னு கேட்டா, 'அப்படித்தான்மா'ங்கறா. நான் எப்படிங்க வீட்டுப் பாடம் சொல்லித் தர்றது?" என்றார்.

நியாயந்தானே! நமக்கு நாற்காலி அஃறிணை. அத்தோடு வேலை முடிந்தது. பிரெஞ்சில் உயிரில்லாத வஸ்துவுக்கும் ஆண், பெண் உண்டு. காரணம் கேட்டால் பதில் கிடையாது. ஆகவே உபாத்தியாயினிகள் சொல்லைத் தனியாகக் கொடுப்பதே இல்லை. 'லா ஷேஸ்' என்றால் நாற்காலி, 'ல லீவ்ர்' என்றால் புத்தகம். முன்னால் ஒட்டிய 'லா'வும் 'ல'வும் சேர்ந்தே, பாட்டோடு பாட்டாகக் காதில் ஏறிவிட வேண்டும். பெரியவர்களுக்கு வராதது குழந்தைகளுக்கு வருவது இதனால்தான்.

கணக்கு இன்னும் வேடிக்கை. எழுபது என்றால் 'அறுபது-பத்து'. எண்பது 'நாலு-இருபது'. தொண்ணூற்றேழு? 'நாலு-இருபது-பத்து-ஏழு'! சிரிக்காதீர்கள், நம் தொண்ணூறின் வாலிலும் ஒரு நூறு ஒட்டிக்கொண்டுதானே இருக்கிறது?

சில விஷயங்களில் தமிழ்க் குழந்தைக்கு யோகம். இங்கிலீஷ்காரக் குழந்தைக்கு 'து', 'வூ' இரண்டையும் பிரித்து விளக்க வேண்டும். நம் குழந்தைக்கு அது 'நீ', 'நீங்க'. தாத்தாவிடம் எது, தம்பியிடம் எது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மூக்கால் பேசும் ஓசையும் அப்படியே. 'பழம்' என்று பேச்சில் சொல்லும்போது உதட்டை மூடுகிறோமா? மூக்கில் ஓர் இழுப்பு, அவ்வளவுதான். பிரெஞ்சு அந்த இழுப்பைத்தான் கேட்கிறது. ஆனால் 'து'வில் வரும் உகரம் லேசில் மடங்காது. உதட்டை 'உ'வுக்குக் குவித்துக்கொண்டு 'இ' சொல்லிப் பாருங்கள், தெரியும்!

"தமிழ் மறந்துடாதா?" என்று கேட்டேன்.

"தமிழும் பாடமா இருக்கு. வீட்டிலே வேற பேச்சே இல்லை. அது பயமில்லீங்க" என்றவர், கொஞ்சம் நிறுத்தினார். "பிரெஞ்சு வரலேன்னா பரீட்சைக் கவலை. நல்லா வந்துட்டா மேல்படிப்புக்குப் பிரான்சுக்குப் போயிடுவா. என் நாத்தனார் பிள்ளைங்க ரெண்டு பேரும் அங்கேதான். எது வேணும்னு சாமிகிட்டே கேட்கறதுன்னே தெரியலை."

இதற்கு நான் என்ன சொல்ல?

அவர் கைப்பையிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துக் காட்டினார். பெண்ணுடையது அல்ல, அவருடையது! 1889 முதல் இந்த ஊரில் இருக்கும் அலியான்ஸ் பிரான்சேஸில் மாலை வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதமாகிறதாம். பக்கத்துக்குப் பக்கம் சிவப்புப் பென்சில் திருத்தம்.

"வாத்தியார் திருத்தமா?"

"இல்லீங்க, எம் பொண்ணு. நாளைக்கு அங்கே பேரன் பேத்தி பிறந்து போனிலே பேசினா, எனக்குப் புரிய வேணாமா?"